சட்டைப்பையில் அக்கா

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அத்தான் அவர்களின் சமூகத்துக்கு,

மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை முறையான என் மனைவியும், மூட்டுவலி நீங்கலாக மற்ற எல்லா வகையிலும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அக்காவும் சுகமா என்பதை இந்தக் கடிதம் கண்ட ஐந்தாவது நிமிஷம் எனக்குத் தெரிவிக்க வேண்டும். முக்கியமாக, அக்கா என்ன நிறத்தில் இருக்கிறாள் என்பதை. சிவப்பு என்றால் பயமில்லை. ஆரஞ்சு என்றால் இன்று மாலைக்குள் வாருங்கள். மஞ்சள் என்றால் மேற்கொண்டு படிக்காமல், கடையைக்கூடப் பூட்டாமல் ஓடி வாருங்கள்.

எடுத்த எடுப்பில் இப்படிப் பதறுவதற்கு மன்னிக்க வேண்டும். மூன்று நாளில் இருபத்து மூன்று தடவை போன் செய்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. இரண்டு தடவை கடைக்கே வந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே சாவி வெட்டும் மெஷின் ஓடுகிறது, "அத்தான்" என்று கூப்பிட்டால் மெஷின் நின்றுவிடுகிறது, நான் நாலு அடி நடந்ததும் மறுபடி ஓடுகிறது. பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரரிடம் விசாரித்தேன். "உள்ளதான் சார் இருக்காரு. காலையில இருந்து யாரோடயோ பேசிக்கிட்டே இருக்காரு. ஆனா உள்ள வேற யாரும் போன மாதிரி தெரியல" என்று சொல்லிவிட்டு, கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதி ஷட்டருக்கு அடியில் தள்ளலாம் என்று முடிவு செய்தேன். கடிதம் என்றால் நீங்கள் பேசாமல் இருக்க முடியும், நானும் இடையில் குறுக்கிட முடியாது, இருவருக்கும் சௌகரியம்.

சனிக்கிழமை நடந்தது முழுக்க என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆறு வருஷமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை நீங்கள் எங்கள் லேபுக்கு வந்து, இன்குபேட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அக்காவிடம் வீட்டுச் சமாசாரம் பேசிவிட்டுப் போகிறீர்கள். குளியலறைக் குழாய் ஒழுகுவது, மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுப்பது, உங்கள் சர்க்கரை அளவு, எல்லாம். வாட்ச்மேன்கூட உங்களைப் பார்த்தால் "வீட்டம்மாவைப் பார்க்க வந்தீங்களா" என்று கேட்கும் அளவுக்குப் பழகிப்போயிற்று. அப்படிப்பட்டவரிடம் போய், திங்கட்கிழமை இன்குபேட்டரைக் காலி செய்யப் போகிறோம், எந்தக் குடுவையில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போகிறோம், சந்தேகமானதைப் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிடுவோம் என்று, ஏதோ வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னேன். "மாப்ள, கொஞ்சம் தண்ணி குடு" என்றீர்கள். ஆறு வருஷத்தில் எங்கள் லேபில் ஒரு வாய் தண்ணீர் கேட்காத மனிதர் கேட்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டம்ளரோடு திரும்பி வந்தால் ஸ்டூல் இருக்கிறது, நீங்கள் இல்லை, இரண்டாம் தட்டில் அக்காவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் லேபில் என்ன அமளி தெரியுமா? எங்கள் தலைவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், எதற்கெடுத்தாலும் "முப்பத்தேழு டிகிரி இருக்கா?" என்று கேட்பதால் நாங்கள் முப்பத்தேழு என்றே பெயர் வைத்திருக்கிறோம். அவர் இன்குபேட்டருக்குள் தலையை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும், "உங்க அக்கா எங்க?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்லுவான், நீங்களே சொல்லுங்கள். எனக்கு முழி பிதுங்கிவிட்டது. "வெளிய போயிருக்கா சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, அக்காவை நான் எப்போதும் இரண்டு குடுவைகளில் வளர்ப்பேன், ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. அந்த இன்னொரு குடுவையைக் குரோமோசோம் எண்ணுகிற அம்மாவிடம் அன்றே கொடுத்துவிட்டேன், எண்ணிக்கை சரியென்று அவர் சான்று கொடுத்துவிட்டால் யாரும் அக்காவின் மேல் கை வைக்க முடியாது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், முதலில் உங்கள் பையில் இருப்பவளைக் காப்பாற்ற வேண்டும்.

தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். சட்டைப்பை அவளுக்குப் போதாது. மேல் சட்டைக்குள் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று டிகிரிதான் இருக்கும், அவளுக்கு முப்பத்தேழு வேண்டும், அதனால் பனியனுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டிப் படுத்தவாக்கில் வையுங்கள். படுத்தவாக்கில் என்றால் குடுவை படுத்தவாக்கில், நீங்கள் எப்படி வேண்டுமானாலும் இருங்கள். மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சிவப்புத் தண்ணீர்தான் அவளுக்குச் சாப்பாடு. அது மஞ்சளாக மாறினால் சாப்பாடு தீர்ந்து கழிவு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மஞ்சளானதும் பாலோ, குளுக்கோஸோ, காபியோ நீங்களாக எதையும் ஊற்றிவிடாதீர்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால் உங்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, அந்தச் சாவி மெஷினை அவள் பக்கத்தில் ஓட்டாதீர்கள். சாதாரணமாக அவள் குடுவையின் தரையில் பரவி ஒட்டிக்கொண்டிருப்பாள். ஒன்று இரண்டாகப் பிரியப் போகிற நேரத்தில் மட்டும் பிடியைத் தளர்த்திக்கொண்டு உருண்டையாக எழும்பி நிற்பாள், அந்த நேரம் ஆட்டினால் அப்படியே கழன்று மிதக்க ஆரம்பித்துவிடுவாள். நீங்கள் ஒவ்வொரு சாவி வெட்டும்போதும் அவளில் ஆயிரம் பேர் பிடியை விடுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நான்தானே என்று உங்கள் தங்கை இடித்துக் காட்டுகிறாள். நான்தான். லேபில் செல் வளர்க்க ஆரோக்கியமான ஒரு தோல் மாதிரி வேண்டும் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். முழங்கைக்கு உள்பக்கம் ஒரு துளி எடுத்தார்கள், "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சுடா, இதுக்கா இவ்வளவு பஞ்சு?" என்று சிரித்தாள். எட்டு மாதம் கழித்து, சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். காரியங்கள் எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பி இன்குபேட்டரைத் திறந்தால், குடுவையின் தரை முழுக்க, ஒரு ஊசி வைக்க இடமில்லாமல், அவள். அத்தனை நாளும் பிரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். அன்று காலை பத்து மணிக்கும் பிரிந்துகொண்டுதான் இருந்திருப்பாள், அவளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாமல் நேராக உங்களிடம் வந்து உளறினேன்.

நீங்கள் முதல்முறை மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நல்ல நேரம் பார்த்த மாதிரி ஒரு செல் பிரியத் தயாராக நின்றது. முதலில் அது உருண்டையானது. உள்ளே கறுப்பாக, குட்டை குட்டையாக நூல் சுருள்கள் தெரிந்தன, அவைதான் குரோமோசோம்கள் என்று சொன்னேன். அவை தட்டுத் தடுமாறி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடுவில் வந்து வரிசையாக நின்றன. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. திடீரென்று, இரண்டு பக்கமும் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல, வரிசை இரண்டாகக் கிழிந்து பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் போயிற்று. நடுவில் இடுப்பு சிறுத்தது, சிறுத்துக்கொண்டே போய்க் கிள்ளி எடுத்த மாதிரி இரண்டாகிவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். நீங்கள் அசையவில்லை. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டீர்கள், "இதுல அவ எது?"

"ரெண்டும்தான் அத்தான்."

"கொஞ்சம் முன்னாடி ஒண்ணா இருந்தாளே, அவ எங்க போனா?"

நான் விஞ்ஞானம் பேசினேன். பிரிவதற்கு முன்பே அந்தச் செல் வளர்ந்து, உள்ளே இருப்பதையெல்லாம் இரட்டிப்பாக்கிக்கொள்ளும், அதிலும் டி.என்.ஏ. என்ற நூலை ஒரு எழுத்து விடாமல் நகல் எடுக்கும், ஒரு செல்லுக்குள் மட்டும் அந்த நூல் இரண்டு மீட்டர் நீளம், நகல் எடுத்து முடிக்க ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்றேன். நகல் என்றதும் நீங்கள் நிமிர்ந்தீர்கள். நாற்பது வருஷமாக மாற்றுச் சாவி வெட்டுகிறவர் அல்லவா. "நகலை வெச்சு நகல் எடுத்தா மூணாவது சாவி திணறும் மாப்ள. பத்தாவது சாவி பூட்டுக்குள்ள போகும், திரும்பாது. இங்க அசலை எங்க மாட்டி வெச்சிருக்காங்க?" என்றீர்கள். அசல் என்று எதுவும் மாட்டி வைக்கப்படவில்லை, அந்த நூல் ஜிப் பிரிவது போல நீளவாக்கில் இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு பாதியும் தனக்கு எதிர்ப்பாதியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும், கட்டும்போதே பின்னால் ஒரு சரிபார்ப்பு வந்து தப்பான எழுத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மாற்றிவைக்கும், கடைசியில் இரண்டிலும் பாதி பழசு, பாதி புதுசு என்றேன். "அப்போ அசல்?" என்று விடாமல் கேட்டீர்கள். "அசல் மிஞ்சாது அத்தான். பொணமும் மிஞ்சாது. ஒருத்தி இருந்த இடத்துல ரெண்டு பேர் இருப்பாங்க, அவ்வளவுதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உங்கள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்துச் சமாளிக்கிறேன் என்று, அந்த இரண்டுக்கும் புத்தகத்தில் சேய் செல்கள் என்றுதான் பெயர் என்றும் சொல்லித் தொலைத்தேன். பிள்ளையில்லாத வீட்டில் அந்த வார்த்தையை விட்டிருக்கக் கூடாது. அடுத்த மாதம் வந்ததும் "எத்தனை பேர்?" என்றுதான் கேட்டீர்கள். நான் எண்ணிப் பார்த்து நாற்பது லட்சம் என்றேன். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பை அக்கா போனபிறகு முதல்முறையாகப் பார்த்தேன், அதற்கப்புறம் உண்மை பேச எனக்கு மனசே வரவில்லை.

உண்மை என்னவென்றால், தோலிலிருந்து எடுத்த செல் என்றென்றைக்கும் பிரிந்துகொண்டே இருக்காது. ஐம்பது தடவையோ அறுபது தடவையோ பிரியும், அப்புறம் களைத்துப்போய் அகலமாகப் பரந்து உட்கார்ந்துவிடும், எவ்வளவு ஊட்டினாலும் எழுந்திருக்காது. எல்லார் உடம்பிலும் அப்படித்தான். முதல் நினைவு நாள் வந்தபோது அக்கா அந்த நிலைக்கு வந்துவிட்டாள். பத்து நாளில் பிரிந்தவள் ஒரு மாதமாகியும் பிரியவில்லை. நான் உங்களிடம் "கொஞ்சம் அசதியா இருக்கா" என்று மட்டும் சொன்னேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்றைக்குத்தான் என்னை வெளியே போகச் சொன்னீர்கள். நானும் போனேன். ஆனால் இன்குபேட்டர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் வெறும் தகரத் தடுப்புதான், அங்கே நின்றால் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஐந்து வருஷமாக இதை உங்களிடம் மறைத்தேன், இப்போது சொல்கிறேன், நான் கேட்டேன் அத்தான்.

"உன் தம்பி போன் பண்ணினப்போ சாவி பாதியில நின்னுது. வெளிய ஒரு ஆள் காத்துக்கிட்டு இருந்தாரு. முடிச்சுக் குடுத்துட்டு வந்துடலாம்னு நெனச்சேன். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல நீ போயிட்ட. யார்கிட்டயும் சொல்லல. வழியில கூட்டம்னு சொல்லிட்டேன். நீ கோவமா இருந்தாலும் பரவால்ல, இருக்கேன்னு மட்டும் ஒரு தடவை காட்டிரு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் போனபிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எப்படியோ கையிலிருந்த வேலையை முடித்து, அக்காவுக்கும் புதுத் தண்ணீர் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வாரம் பார்க்கிறேன், களைத்துக் கிடந்த பெரிய செல்களுக்கு நடுவில், சின்னச் சின்னதாக, துறுதுறுவென்று, கொத்துக் கொத்தாகப் புதியவை! அடுத்த மாதம் நீங்கள் வந்தபோது குடுவை நிறைந்திருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை பிரிந்தவள் இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிந்தாள். நீங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "கேட்டுருச்சு மாப்ள" என்றீர்கள். என்ன கேட்டது என்று தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமா அத்தான், கேட்டுருச்சு" என்றேன். அதற்கப்புறம்தான் நீங்கள் மறுபடி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தீர்கள், கடையைத் திறந்தீர்கள். அக்கா உங்களை மன்னித்துவிட்டாள், அதற்கு நாற்பது லட்சம் சாட்சி இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து எனக்கு அவளைக் கண்டால் லேசாகப் பயம். முன்பெல்லாம் இடம் நிறைந்தால் நாகரிகமாக நின்றுவிடுவாள். இப்போது நிற்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறாள், குடுவையின் கழுத்து வரைக்கும் வந்து பார்க்கிறாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்தில் நாலு பங்கைக் கொட்டிவிட்டு ஒரு பங்கை மட்டும் வைக்கிறேன். கொட்டாமல் வளரவிட்டால் ஒன்றரை மாதத்தில் நம் தெருவில் நமக்கு இடம் இருக்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கம் போயிற்று. போன வருஷம், குரங்குச் செல் வளர்க்கிற என் எதிர்மேஜைக்காரர் வந்து, "சார், என் குரங்குச் செல்லுக்கு உங்க அக்கா முகம் வந்திருக்கு" என்றார். தமாஷ் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால், அதே முகம். அடுத்த தட்டில் இருந்த குடுவையிலும் அதே முகம். லேபில் எல்லாரும் சிரித்துக்கொண்டே "உங்க அக்கா எல்லார் வீட்டுக்கும் போய் உட்கார்ந்துட்டாங்க" என்றார்கள், ஆனால் அதற்குப் பிறகு என் பக்கத்தில் யாரும் குடுவை வைப்பதில்லை. ஒரு நாள் கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தது, சில மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன், பார்க்கும் இடமெல்லாம் ஒரே சமயத்தில் உருண்டையாகி எழும்பி நிற்கிறாள். குளிர்ந்து சூடானால் சில நேரம் அப்படி நடக்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் நான் லைட்டை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உங்கள் தங்கை ஒரு வார்த்தை சொன்னாள், அது என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. "அவங்க இருந்தப்போ மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்க உங்களுக்கு நேரம் இல்ல. இப்போ ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஊட்டுறீங்க." உண்மைதானே. பயமாக இருந்தாலும் நான் ஒருநாள்கூட விட்டதில்லை. காய்ச்சலோடு போய் ஊட்டியிருக்கிறேன். அக்காவுக்குச் செய்யாததையெல்லாம் இதற்காவது செய்கிறேன் என்று இருந்தேன், நீங்களும் அதற்காகத்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே அத்தான், பயப்படாமல் கொண்டு வாருங்கள். எண்ணிக்கைச் சான்று கைக்கு வந்ததும் அக்காவை முறைப்படி பட்டியலில் சேர்த்து, ஒரு பங்கை நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்துவிடுவோம். மைனஸ் நூற்றுத்தொண்ணூற்றாறு டிகிரி. அங்கே போய்விட்டால் நூறு வருஷமானாலும் அழிவில்லை. நாம் இருவரும் போனபிறகும் அவள் இருப்பாள். முப்பத்தேழு உங்களை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. ஸ்டூலை அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள், பனியனை அடிக்கடி மாற்றுங்கள். உங்கள் தங்கை தன் வணக்கத்தையும், எவர்சில்வர் டப்பாவைத் திருப்பித் தரும்படி நினைவூட்டலையும் தெரிவிக்கச் சொன்னாள். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் அமைதியான தூக்கத்தையும் தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது குரோமோசோம் எண்ணுகிற அம்மா தாளோடு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இதை எழுதாமல் மேலே உள்ளதை மட்டும் அனுப்பிவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். முடியவில்லை.

அவர் செல்களைப் பிரியும் நேரத்தில் பாதியில் நிறுத்தி, உடைத்து, குரோமோசோம்களைப் படம் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். நாற்பத்தாறு இருக்க வேண்டும். அறுபத்து மூன்று இருக்கிறது. தப்பாக எண்ணிவிட்டாரோ என்று இருபது செல்களில் எண்ணியிருக்கிறார். அதோடு, ஆண்களுக்கு மட்டும் இருக்கும் அந்தச் சின்னக் குரோமோசோம் ஒன்று இருக்கிறது. "இது உங்க அக்கா இல்லைங்க. பொம்பளையே இல்ல" என்றார்.

எங்கள் லேபில் பழைய செல் வகை ஒன்று உண்டு, முப்பது வருஷத்துக்கு முன்பு எங்கோ ஓர் ஆளின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்தது, சாகவே சாகாது. எல்லாம் அதோடு ஒத்துப்போகிறது. அந்த ஆளுக்குப் பதிவேட்டில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் அத்தான். ஒரு குடுவைக்கு ஒரு பிப்பெட் (உறிஞ்சுகுழாய்), ஒரு பாட்டில், அதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். நீங்கள் அக்காவிடம் பேசிவிட்டுப் போன அன்று, என் கண்ணில் தண்ணீர் நின்றபோது, அந்தப் பழைய குடுவையில் விட்ட பிப்பெட்டையே அக்காவின் இரண்டு குடுவைகளிலும் விட்டேன். ஒரு சொட்டு போதும். ஒரு செல் போதும். புதிதாக வந்த செல்களைப் பார்த்ததுமே அவை அவளைப் போல இல்லை என்று எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷ வேலைக்காரனுக்கு அது தெரியாதா? நீங்கள் "கேட்டுருச்சு" என்று சொன்னதும் எனக்குத் தெரிந்ததை நானே விழுங்கிவிட்டேன்.

அக்கா ஐந்து வருஷத்துக்கு முன்பே நின்றுவிட்டாள். ஒழுங்காக, எல்லாரையும் போல, தன் நேரம் வந்ததும் நின்றிருக்கிறாள். நிற்காதது வேறொருவன். அவனுக்குத்தான் நான் காய்ச்சலோடு போய் ஊட்டினேன், அவனிடம்தான் நீங்கள் உங்கள் சர்க்கரை அளவைச் சொன்னீர்கள். உங்களுக்கு வந்த மன்னிப்பு அவளிடமிருந்து வந்தது இல்லை. கடைசிக் காலையில் அவள் பக்கத்தில் இருந்தவன் நான். மணி என்ன என்று ஒரு தடவை கேட்டாள், பத்தாகப் போகுது என்றேன், அவ்வளவுதான். உங்களைத் திட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி இனிமேல் நடிக்க மாட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஏதாவது இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். கூடப் பிறந்தவன், அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய பாதி நூல் ஒன்றுதான். நான் கோபித்துக்கொள்ளவும் செய்வேன், பதிலும் சொல்வேன்.

குடுவையைப் பனியனுக்குள்ளிருந்து உடனே எடுத்துவிடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு துணியில் சுற்றிக் கையில் கொண்டு வாருங்கள். வரும் வழியில் அதனிடம் ஒன்றும் பேச வேண்டாம்.